மனச்சாய்வைத் திருத்த நான்கு வழிகள்: எந்த முடிவுக்கு எது முதலில்?

தன் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே யோசிக்கிறது என்பதை ஒப்புக்கொள்வது பெரிய விஷயம்தான். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு வரும் கேள்வி இன்னும் கடினமானது: அதைத் திருத்த என்ன செய்வது? வேலை, குடும்பம், சென்னைப் போக்குவரத்து எல்லாம் போக, வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இதற்கென ஒதுக்க முடியும் என்றால், அந்த நேரத்தை எதில் செலவிடுவது? பொதுவாக நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. மனச்சாய்வுகளைப் பற்றிப் படித்து, அவற்றின் பெயரையும் குணத்தையும் தெரிந்துகொள்வது ஒன்று. நம்மை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரை உடன் வைத்துக்கொள்வது இன்னொன்று. முடிவெடுக்க வேண்டிய பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விதிகளை எழுதிவிட்டு அவற்றின்படி நடப்பது மூன்றாவது. நம் கணிப்புகளை எண்ணோடும் தேதியோடும் குறித்துவைத்து, பின்னர் நடந்ததோடு ஒப்பிடுவது நான்காவது. நான்கும் நல்லவைதாம், ஆனால் எல்லாம் ஒரே அளவுக்குப் பயன்படுவதில்லை, ஒரே வகை முடிவுக்கு உதவுவதுமில்லை. பலர் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் கவலை. ஏனென்றால், நான்கிலும் முடிவை மிகக் குறைவாக மாற்றுவது அதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுவான உரைகல் வேண்டும். சென்னையின் தெற்குப் புறநகரில், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கத்தில், ஒரு குடும்பம் ஃப்ளாட் வாங்க நினைப்பதை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக் கடன் கோப்புகளைப் பார்க்கும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்த முடிவை மிக நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் ஒருமுறை எடுக்கும் முடிவு இது; இருபது ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும்; தவறாகப் போனால் லேசில் வெளியே வர முடியாது. மனம் எந்தெந்த வழியில் எல்லாம் சாயுமோ அத்தனையும் இங்கே ஒன்றுகூடுகின்றன.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கணவனும் மனைவியும் போய்ப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. மார்ச்சில் தெரு காய்ந்து கிடக்கும். மாதிரி ஃப்ளாட்டில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். விற்பனைப் பிரதிநிதி முதலில் 92 லட்சம் என்பார், பிறகு "உங்களுக்காகப் பேசிப் பார்க்கிறேன்" என்று 85 லட்சத்துக்கு இறங்குவார். ஏழு லட்சம் மிச்சம் என்று மனம் குளிரும். அந்தத் தெருவில் அதே அளவு ஃப்ளாட் என்ன விலைக்குப் பதிவாகியிருக்கிறது என்ற கேள்வி எழாது. முதலில் காதில் விழுந்த எண் நம்மை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் காட்டினார்கள். சக்கரம் ஒன்றைச் சுழற்றி, அது 10-இலோ 65-இலோ நிற்கும்படி செய்துவிட்டு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் நடுத்தர விடை 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது இரு சாராருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அது அவர்களை இழுத்தது.

பிறகு அந்தத் தம்பதியர் "விசாரிக்க"த் தொடங்குவார்கள். யாரிடம்? அதே வளாகத்தில் ஏற்கெனவே வாங்கிவிட்ட நண்பரிடம். அவர் தன் முடிவைத் தானே குறை சொல்வாரா? பிடித்துப்போன ஒன்றுக்கு ஆதரவான சான்றை மட்டும் தேடும் இந்தப் போக்கை பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1960-இலேயே எளிய சோதனை ஒன்றால் காட்டியிருக்கிறார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை எந்த விதிக்கு உட்பட்டவை என்று கண்டுபிடிக்கச் சொன்னார்; வேறு எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலோர் "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்று ஊகித்து, 8, 10, 12 போன்ற பொருந்தக்கூடிய எண்களையே கேட்டு, உறுதி பெற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். உண்மை விதியோ வெறுமனே "ஏறுவரிசை" என்பதுதான். 1, 2, 17 என்று தன் ஊகத்தைப் பொய்யாக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், குட்டு வெளிப்பட்டிருக்கும். வளாகத்து நண்பரிடம் கேட்பது 8, 10, 12 கேட்பதற்குச் சமம். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், "2015 டிசம்பர்ல இங்க தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயலப்போ?" என்று கேட்பதுதான் 1, 2, 17. அவருக்கு விற்கவும் ஒன்றுமில்லை, தன்னைத் தேற்றிக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

இனி முதல் வழி. மேலே சொன்ன ஆய்வுகளையெல்லாம் படித்துவிட்டால் நாம் திருந்திவிடுவோமா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், மரண தண்டனையை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் ஒரே கலவையான சான்றுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். இரு தரப்பும் தங்களுக்கு ஏற்ற ஆய்வை நல்ல ஆய்வு என்றும், ஏற்காததைக் குறையுள்ளது என்றும் சொல்லி, முன்பைவிட உறுதியாகத் தத்தம் கட்சியில் நின்றன. ஆசிரியர் குழு சற்றே மாறி, 1984-இல் இன்னொரு படி போனது. ஒரு பிரிவினரிடம் "நடுநிலையோடு, நீதிபதியைப் போல் எடைபோடுங்கள்" என்று சொன்னார்கள், பயனில்லை. இன்னொரு பிரிவினரிடம் "இதே ஆய்வு இதே முறையில் நடந்து, முடிவு மட்டும் எதிர்மாறாக வந்திருந்தால், இதை எப்படி மதிப்பிட்டிருப்பீர்கள் என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள், சாய்வு மறைந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மிக முக்கியமாகக் கருதுகிறேன். நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் எதையும் செய்வதில்லை. செய்ய வேண்டிய செயல் ஒன்றைக் கையில் கொடுத்தால்தான் மனம் நகர்கிறது.

படிப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எமிலி ப்ரோனினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002-இல் காட்டியபடி, மனச்சாய்வுகள் பிறரிடம் இருப்பதைவிடத் தம்மிடம் குறைவு என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். அறிவுத்திறன் கூடியவர்களுக்கு இந்தக் குருட்டுப் புள்ளி சிறிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ரிச்சர்ட் வெஸ்ட், கீத் ஸ்டானோவிச் குழுவினரின் 2012-ஆம் ஆண்டு ஆய்வில் அப்படி இல்லை, சற்றுக் கூடுதலாகவே இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் அரசியல் வாக்குவாதங்களைப் பார்த்தாலே இது புரியும்: மனச்சாய்வுகளின் பெயரைக் கற்றவர் அவற்றை மாமாவின் மீதும் மைத்துனரின் மீதும் எறிகிறாரே தவிர, தன் பக்கம் திருப்புவதில்லை. வாழ்நாள் முழுவதும் இதையே ஆராய்ந்து, 2002-இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்ற கானமனே தன் உள்ளுணர்வு பெரிதாகத் திருந்திவிடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே படிப்புக்கு ஒரு வாரம் கொடுங்கள். நாலைந்து சாய்வுகளின் அடையாளம் தெரிந்தால் போதும். நாற்பது தெரிந்திருப்பதால் நாற்பது மடங்கு பயன் வராது.

இரண்டாவது வழி, மறுத்துப் பேசும் ஒருவர். தமிழில் இவரை இடித்துரைப்பவர் என்போம். அரசர்களுக்கே அப்படியொருவர் வேண்டும் என்று நம் முன்னோர் வலியுறுத்தினார்கள். ஆனால் நம் வீடுகளில் நடைமுறை வேறு. பெரியவர் முடிவெடுத்துவிட்டால் சிறியவர் வாய் திறப்பதில்லை. சிறியவர் ஆசையோடு ஒன்றைச் சொன்னால், மனம் நோகக் கூடாதென்று பெரியவர் தலையாட்டிவிடுகிறார். அதனால் யாரிடம் கேட்கிறோம் என்பதைவிட எப்படிக் கேட்கிறோம் என்பதே இங்கே கனமான விஷயம்.

வியாசர்பாடியில் இருக்கும் அத்தையிடம் மருமகன் போகிறான். "அத்தை, வீடு பாத்துட்டோம். எப்படின்னு சொல்லுங்க" என்றால், "நல்லா இருக்குப்பா, நல்லபடியா முடியட்டும்" என்ற வாழ்த்துதான் வரும். அவன் கேட்டது கருத்தை. அவர் காதில் விழுந்தது ஆசி கேட்கும் குரல். அதையே இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: "அத்தை, அஞ்சு வருஷம் கழிச்சு, இந்த வீட்டை ஏன்டா வாங்கினோம்னு நாங்க தலையில கைய வச்சு உக்காந்திருக்கோம்னு வச்சுக்கங்க. என்ன ஆகியிருக்கும்?" முதலில், "அபசகுனமாப் பேசாதடா" என்பார். கொஞ்சம் வற்புறுத்தினால் ஒவ்வொன்றாக வரும். "முதல்ல தண்ணி. அப்புறம், உங்கம்மாவுக்கு முட்டி வலி, லிஃப்ட் நின்னா மூணாவது மாடி எப்படி ஏறுவாங்க? ரெண்டு பேர் சம்பளத்தை நம்பித் தவணை போடுறீங்க, நாளைக்குப் புள்ள பொறந்து அவ வேலைய விட்டா?" இந்த மூன்றாவது கேள்வியைக் கடன் கோப்பு எதுவும் கேட்பதில்லை.

தோல்வி ஏற்கெனவே நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் தேடும் இந்த முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர். 2007-இல் அவர் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு பல நிறுவனங்களில் இது வழக்கமாகியிருக்கிறது. "என்ன தவறாகப் போகலாம்?" என்று கேட்பதைவிட "தவறாகப் போய்விட்டது, ஏன்?" என்று கேட்பது நம் நாட்டில் இன்னொரு காரணத்துக்காகவும் உதவும் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்பவர் உங்கள் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறார். இரண்டாவதற்குப் பதில் சொல்பவர் நீங்கள் கொடுத்த கணக்கைப் போட்டுத் தருகிறார், அவ்வளவுதான். மரியாதைக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கெட்டதைச் சொன்னால் பலித்துவிடும் என்ற அச்சத்தைத்தான் தாண்ட வேண்டியிருக்கும். அதற்கு அத்தையின் மீது கோபப்படாமல், பொறுமையாக இன்னொரு முறை கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வழியின் எல்லையையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பவராக நடிக்கச் சொல்லி நியமிக்கப்பட்டவரைவிட, உண்மையிலேயே மாறுபட்டு நினைப்பவர்தான் மற்றவர்களின் சிந்தனையை அதிகம் விரிக்கிறார் என்று சார்லன் நெமெத்தின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. அப்படிப்பட்டவர் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. கிடைப்பவர் தரகராகவோ, கமிஷன் பெறுபவராகவோ, அதே பகுதியில் மனை வைத்திருப்பவராகவோ இருந்தால் அவருடைய எதிர்ப்பும் ஆதரவும் சந்தேகத்துக்குரியவை. எல்லாவற்றையும் எதிர்த்தே பழகியவரும் பயன்பட மாட்டார். எதற்கும் "வேண்டாம்" என்பவரின் "வேண்டாம்" நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை.

மூன்றாவது வழியைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊரில் மிகக் குறைவாகப் பழக்கத்தில் இருப்பது இதுதான். பால் மீல் என்ற உளவியலாளர் 1954-இல் சுமார் இருபது ஆய்வுகளைத் திரட்டி, அனுபவமுள்ள நிபுணரின் தீர்ப்பையும் எளிய கணித வாய்பாட்டின் கணிப்பையும் ஒப்பிட்டார். வாய்பாடு பெரும்பாலும் சமமாகவோ மேலாகவோ இருந்தது. ராபின் டாஸ் 1979-இல் இன்னும் எளிமைப்படுத்தினார்: முக்கியமான சில அம்சங்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டினாலே பல சமயம் மனிதத் தீர்ப்பை மிஞ்சிவிடுகிறது. பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிட வர்ஜீனியா அப்கார் 1952-இல் உருவாக்கிய முறை இந்த வகையைச் சேர்ந்ததுதான். இதயத் துடிப்பு, சுவாசம், தசை வலு, தூண்டலுக்கு எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள்; இன்றும் சென்னையின் பிரசவ அறைகளில் அதைத்தான் குறிக்கிறார்கள். "குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பொதுவான எண்ணத்தின் பின்னால் எதுவும் ஒளிந்துகொள்ள அது இடம் கொடுப்பதில்லை.

ஃப்ளாட் விஷயத்தில் இதைச் செய்வது எளிது, ஒரே ஒரு நிபந்தனையோடு: மாதிரி ஃப்ளாட்டைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். சில விதிகள் வாசற்படி போன்றவை. தாண்டாவிட்டால் உள்ளே போகவே கூடாது. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றைப் பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவாகாத ஒப்பந்தங்கள் அதில் தெரியாது என்பதால் மூலப் பத்திரத்தை வழக்கறிஞர் ஒருவர் பார்த்தாக வேண்டும். விற்பனையில் சம்பந்தப்படாத, அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேரிடம் 2015, 2023 வெள்ளங்களைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். மாதத் தவணை, இருவரில் ஒருவருடைய சம்பளத்தை வைத்தே சமாளிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவை கடந்த பிறகு மதிப்பெண்: பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது மொத்த மனையில் நம் ஃப்ளாட்டுக்கு உரிய பங்கு, எவ்வளவு, தரைத்தளத்து மின் மீட்டர் பெட்டிகள் எவ்வளவு உயரத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன, கோடையில் தண்ணீர் லாரியை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள், வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு அலுவலகம் போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது. மீட்டர் பெட்டியைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன். சுற்றுச்சுவரின் ஈரக் கறையைப் புதுச் சுண்ணாம்பு மறைத்துவிடும். அக்கம்பக்கத்துப் பழைய கட்டடங்களில் மீட்டர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தால், அந்தத் தெரு எதைக் கண்டிருக்கிறது என்பதை எந்தப் பிரதிநிதியையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள பகுதிகளில் சர்வே எண்ணை வைத்து நில வகைப்பாட்டைச் சரிபார்ப்பதும் வாசற்படி விதிகளில் சேர வேண்டியதே.

உள்ளுணர்வுக்கு இதில் இடமே இல்லையா என்று சிலர் வருந்துவார்கள். இருக்கிறது, கடைசியில். 1950-களின் நடுவில் இளம் வயதுக் கானமன் இஸ்ரேல் ராணுவத்துக்கு நேர்காணல் முறை ஒன்றை வகுத்தார். ஆறு பண்புகளை ஒவ்வொன்றாக, ஒன்றின் மதிப்பெண் இன்னொன்றின் மேல் படியாமல், தனித்தனியே மதிப்பிட வேண்டும். நேர்காணல் நடத்தியவர்கள் தங்களை இயந்திரங்களாக்குவதாக முணுமுணுத்தார்கள். சரி, எல்லா மதிப்பெண்ணையும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி உங்கள் உள்மனதுக்குத் தோன்றும் ஓர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள் என்றார். பின்னர் பார்த்தபோது, அந்த எண்ணும் ஆறு மதிப்பெண்களின் கூட்டலுக்கு நிகராகப் பயன்பட்டது. முன்கூட்டியே வரும் உள்ளுணர்வைவிட, விவரங்களை எடைபோட்ட பிறகு வரும் உள்ளுணர்வு நம்பத் தக்கது.

விதிகளுக்கும் குறை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைப் புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவமனைகள் அதைக் கட்டாயமாக நடைமுறைப்படுத்திய பின் நடந்து, 2014-இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. காகிதத்தில் குறியிடுவதும் அதன்படி செய்வதும் ஒன்றல்ல என்பதே இதற்குப் பலர் சொல்லும் விளக்கம். வீடு வாங்குவோரும் மனதுக்குப் பிடித்த ஃப்ளாட்டுக்கு ஏற்றபடி மதிப்பெண்ணை வளைப்பார்கள். விதியை எழுதிய தேதியோடு அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் வளைப்பது கொஞ்சம் கடினமாகும்.

வீட்டை விட்டு வேறொரு முடிவுக்குப் போனால் மூன்றாவது வழியின் அருமை இன்னும் தெளிவாகும். அம்பத்தூரிலோ கிண்டியிலோ ஒரு சிறு நிறுவனம் கணக்கர் ஒருவரை வேலைக்கு எடுக்கிறது. நேர்காணலில் "சொந்த ஊர் எது? அங்க எந்தப் பக்கம்?" என்று பேச்சுவாக்கில் ஒரு கேள்வி வரும். கேட்பவர் அதை நட்பான பேச்சு என்றே நம்பலாம். ஆனால் அந்தக் கேள்வி எதைத் துழாவுகிறது என்பது கேட்கப்படுபவருக்கு நன்றாகத் தெரியும். வாடகைக்கு வீடு விடும்போது "அசைவம் சாப்பிடுவீங்களா?" என்று கேட்பதும் இதே வகை. இங்கே முதல் வழி அறவே உதவாது: தான் சாதி பார்ப்பதில்லை என்று மனமார நம்புபவர், சாய்வைப் பற்றி எத்தனை கட்டுரை படித்தாலும் அது வேறு யாரையோ பற்றியது என்றே எடுத்துக்கொள்வார். இரண்டாவது வழியும் உதவாது, ஏனென்றால் அவரைச் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் அவரைப் போன்றவர்களே. விதி உதவும். விண்ணப்பங்களைப் படிக்குமுன் பெயரையும் ஊரையும் இன்னொருவரைக் கொண்டு மறைத்துவிடுவது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது. ஒவ்வொரு விடைக்கும் அடுத்த கேள்விக்குப் போகுமுன்பே மதிப்பெண் போடுவது. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் சிறு தேர்வு ஒன்றை வைப்பது. இப்படி முன்பே வகுத்த நேர்காணல், பேச்சுப் போக்கில் நடக்கும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. நியாயமும் திறமையும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. மனம் திருந்தும்வரை விண்ணப்பதாரர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இந்த வழியை நான் உயர்வாக மதிக்கக் காரணம்.

நான்காவது வழிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அதில் நடக்கப்போகும் சிறு விஷயங்களைப் பற்றி ஒரு வரி, எவ்வளவு நம்புகிறோம் என்பதற்கு ஒரு விழுக்காடு, தெரியவரும் தேதி. "தச்சர் வெள்ளிக்கிழமைக்குள் வருவார்: 90." "நாளை மழை விடுமுறை அறிவிப்பார்கள்: 60." "எழும்பூர் ரயிலில் காத்திருப்புப் பட்டியல் உறுதியாகும்: 70." பிறகு ஒவ்வொன்றிலும், நாம் சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இருபடியாக்க வேண்டும். தச்சர் வரவில்லையென்றால் 0.9-இன் இருபடி, 0.81. விடுமுறை விட்டார்களென்றால் 0.4-இன் இருபடி, 0.16. எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி என்று எழுதியிருந்தால் எப்போதும் 0.25. சராசரி 0.25-க்கு மேல் போனால், ஒன்றும் தெரியாதவரைவிட மோசமாகக் கணிக்கிறோம் என்று பொருள். இந்தக் கணக்கை 1950-இல் வகுத்தவர் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த க்ளென் ப்ரையர். அமெரிக்க வானிலையாளர்கள் 70 விழுக்காடு என்று சொன்ன சமயங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மழை பெய்தது என்று ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்லரும் 1970-களில் காட்டினார்கள். காரணம் எளிது: அவர்களுக்கு விடை மறுநாளே தெரிந்துவிடுகிறது, தவறு பதிவாகிவிடுகிறது. அரசியல் நிபுணர்களுக்கு அந்த வசதி இல்லை. ஃபிலிப் டெட்லாக் 284 பேரின் கணிப்புகளைச் சுமார் இருபது ஆண்டுகள் சேகரித்து 2005-இல் வெளியிட்டபோது, அவர்களின் துல்லியம் மிகச் சாதாரணமாகவே இருந்தது. அதன் பிறகு 2011-இல் தொடங்கிய கணிப்புப் போட்டிகளில், நிகழ்தகவில் யோசிக்கும் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சிகூடப் பங்கேற்றவர்களை ஓரளவு மேம்படுத்தியது. அங்கே பயிற்சிக்குப் பின்னால் இடைவிடாத மதிப்பெண் இருந்தது. வெறும் வாசிப்போடு அதைச் சேர்த்துக் குழப்பக் கூடாது.

எழுதித்தான் ஆக வேண்டுமா, நினைவில் வைத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. பரூக் ஃபிஷ்ஹாஃப் 1970-களில் காட்டியபடி, விடை தெரிந்த பிறகு நம் பழைய கணிப்பை நாம் மாற்றியே நினைவுகூர்கிறோம். "எனக்கு அப்பவே தெரியும்" என்பது பொய்யாக அல்ல, உண்மையான நினைவாகவே தோன்றுகிறது. இந்த வழியின் குறை, இது மெதுவானது என்பது. திரும்பத் திரும்ப வரும் முடிவுகளுக்கு, அதாவது வேலை எத்தனை நாளில் முடியும், யார் சொன்ன சொல் காப்பார், எவ்வளவு செலவாகும் என்பவற்றுக்கு, இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. இருபது ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் முடிவுக்கு இது நேரடியாக உதவாது. ஆனாலும், "நான் 90 என்று சொல்பவை உண்மையில் 65 தான்" என்று நோட்டில் ஒருமுறை தெரிந்துகொண்டவர், ஃப்ளாட் விஷயத்தில் "கண்டிப்பாகத் தண்ணி வராது" என்று தன் வாயால் சொல்லும்போது கொஞ்சம் நிதானிப்பார்.

ஆகவே, வாரம் இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ள வாசகருக்கு என் பரிந்துரை இது. இப்போது பெரிய முடிவு எதுவும் முன்னால் இல்லையென்றால் நோட்டிலிருந்து தொடங்குங்கள். வீடு, திருமணம், வேலை மாற்றம் என்று ஒன்று வாசலில் நிற்கிறதென்றால் விதிகளை முதலில் எழுதி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இடித்துரைப்பவரைப் பாருங்கள். கொடுத்த பிறகு பார்ப்பதில் அவ்வளவு பயன் இருக்காது, ஏனென்றால் கைவிட்டுப் போன ஐம்பதாயிரம் அவரைவிட உரக்கப் பேசும். பிறர் வாழ்க்கையை நம் முடிவு தொடுகிறதென்றால், வேலைக்கு எடுப்பதும் வீடு விடுவதும் அப்படிப்பட்டவையே, விதியைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். படிப்பு இவற்றுக்கிடையே கிடைக்கும் ஓய்வு நேரத்துக்கு.

விதியும் ஆளும் முரண்படும் சமயங்கள் வரும். வாசற்படி விதி "வேண்டாம்" என்கிறது, அத்தை "பரவாயில்லை, வாங்குங்க" என்கிறார் என்றால், விதியின் பக்கமே நிற்பேன். அமைதியாக இருந்தபோது எழுதியது அது. மதிப்பெண் "வாங்கலாம்" என்று காட்டி, அத்தை "வேண்டாம்" என்றால், அவர் சொல்லும் காரணம் பட்டியலில் ஏற்கெனவே உள்ளதா என்று பார்ப்பேன். உள்ளதென்றால் அதை ஏற்கெனவே எடைபோட்டாயிற்று. இல்லையென்றால், லிஃப்ட் நின்றால் முட்டி வலியுள்ள அம்மா மூன்றாவது மாடிக்கு எப்படி ஏறுவார் என்பது போன்ற ஒன்றென்றால், பட்டியலில் சேர்த்து, பார்த்த எல்லா ஃப்ளாட்டுகளுக்கும் முதலிலிருந்து மதிப்பெண் போட வேண்டும், பிடித்த ஒன்றுக்கு மட்டுமல்ல.